அடையாள அட்டையும் வாக்காளர் பட்டியலும்

ஒரு தேர்தலின் முடிவை மக்களின் முடிவாக ஏற்பதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: தகுதியற்ற வாக்கு ஒன்றுகூட எண்ணிக்கையில் சேரக்கூடாது, தகுதியுள்ள வாக்காளர் ஒருவர்கூட வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்படக்கூடாது. பிறர் பெயரிலோ, இறந்தவர் பெயரிலோ, ஒரே தேர்தலில் இரண்டாம் முறையாகவோ வாக்களிக்க முயல்வதைச் சட்டம் ஆள்மாறாட்டம் என்று வரையறுத்து, அதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கும், 2016-இல் தமிழ்நாட்டின் ராதாபுரத்தில் 49 வாக்குகளும் வெற்றியைத் தீர்மானித்தன என்பதை நினைத்தால், நுழையும் கள்ள ஓட்டும் மறுக்கப்படும் நல்ல ஓட்டும் ஒரே அளவுக்கு முடிவைத் திரித்துவிடக்கூடியவை என்பது விளங்கும்.

இந்த இரண்டையும் தடுக்கும் கருவியாகப் பொதுவிவாதங்களில் வாக்காளர் அடையாள அட்டையே முன்னிறுத்தப்படுகிறது. ஆனால் இந்தியச் சட்டப்படி வாக்களிக்கும் உரிமையை அட்டை வழங்குவதில்லை. அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு அளிக்கும் வாக்குரிமையை நடைமுறையில் உறுதிசெய்வது தொகுதியின் வாக்காளர் பட்டியல்தான். அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டையைத் தொலைத்தவரோ வேறு ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். ஆகவே தேர்தல் மோசடியும் உரிமை இழப்பும் பெரும்பாலும் தொடங்கும் இடம் பட்டியலே; மக்களின் கவனம் முதலில் செல்லவேண்டிய இடமும் அதுவே.

அட்டை வந்த வரலாறு

1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்காக, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் பொறுப்பில், 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்களைக் கொண்ட பட்டியல் தயாரிக்கப்பட்டது. அப்போது வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவுசெய்ய விரும்பியதால், சொந்தப் பெயரைத் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. பெயரின்றி ஆளை அடையாளம் காண இயலாது என்ற ஆணையத்தின் நிலைப்பாடு அடுத்த தேர்தல்களில் பெண்கள் சொந்தப் பெயரிலேயே பதிவுபெற வழிவகுத்தது என்றாலும், அடையாளத்தைக் கறாராகக் கேட்கும் எந்த விதிக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைச் சமூகத்தின் வலுக்குறைந்த பிரிவினரே முதலில் செலுத்த நேர்கிறது என்பதையும் அந்நிகழ்வு தொடக்கத்திலேயே காட்டியது.

ஒருவர் இரண்டாம் முறை வாக்களிப்பதைத் தடுக்க நாடு நம்பியது அழியாத மையை. 1962 பொதுத்தேர்தல் முதல் கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் இந்த மையைத் தயாரித்து வருகிறது. இதிலுள்ள வெள்ளி நைட்ரேட் என்னும் வேதிப்பொருள் தோலிலுள்ள உப்புடன் சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருத்து, சோப்பாலோ எண்ணெயாலோ அகலாத கறையாகப் படிகிறது. நகம் வளர்ந்தும் மேல்தோல் உதிர்ந்தும்தான் அது மறையும். எழுத்தறிவையோ ஆவணத்தையோ எதிர்பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விதமாகப் பொருந்துவது இம்முறையின் தனிச்சிறப்பு.

ஆனால் மை தடுப்பது இரண்டாவது வாக்கை மட்டுமே. முதல் வாக்கைச் செலுத்த வருபவர் உரியவர்தானா என்று அது சொல்லாது. அதற்கான விடையாகப் புகைப்பட அட்டை 1960-இல் கல்கத்தாவின் ஒரு மக்களவைத் தொகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பலரைப் படமெடுக்க இயலாமையால் கைவிடப்பட்டது. 1979-இல் சிக்கிம் சட்டமன்றத் தேர்தலில் மீண்டும் பயன்பட்டது. நாடு முழுவதற்குமான அட்டை தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷனின் பதவிக்காலத்தில், 1993-இல் பிறந்தது. அட்டை வழங்காவிட்டால் 1995 ஜனவரிக்குப் பிறகு தேர்தலே நடத்தப்படாது என்று அவர் மாநில அரசுகளை எச்சரித்ததால் பணி விரைவுபெற்றது. எனினும், எல்லோருக்கும் அட்டை கிடைப்பதற்கு முன்பே தேர்தல்கள் நடந்தன. அரசு தன் கடமையில் தாமதித்ததற்காகக் குடிமக்களின் வாக்கைப் பறிக்க முடியாது என்ற கொள்கை அதன்வழி நிலைபெற்றது.

இன்றும் அக்கொள்கையே நடைமுறையில் உள்ளது. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, நூறு நாள் வேலைத்திட்ட அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம் போன்ற ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். வீடு தேடி வரும் பூத் சிலிப் மட்டும் 2019 முதல் தனி அடையாளச் சான்றாக ஏற்கப்படுவதில்லை.

வாக்குச்சாவடிக்குள் உள்ள காவல்

வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் ஆவணத்தைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, வாக்காளரின் பெயரை அனைவருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பது வெறும் சடங்கன்று. வேட்பாளர்களின் சார்பில் அமர்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்டுகள், அதாவது வாக்குச்சாவடி முகவர்கள், அப்பகுதி மக்களை அறிந்தவர்கள் என்பதால், ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பதில் அவர்களின் கண்ணும் காதும் பல வேளைகளில் அட்டையைவிடக் கூர்மையானவை. ஐயம் எழுந்தால் முகவர் இரண்டு ரூபாய் வைப்புத்தொகை செலுத்தி ஆட்சேபணை எழுப்பலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவெடுப்பார். ஆட்சேபணை உள்நோக்கம் கொண்டதெனத் தெரிந்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது.

உரியவர் வருவதற்குள் வேறொருவர் அவர் பெயரில் வாக்களித்துவிட்டாலும் சட்டம் கைவிடுவதில்லை. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில், 'சர்கார்' திரைப்படத்தால் தமிழ் மக்களிடையே பரவலாக அறியப்பட்ட 49பி விதியின்படி, தலைமை அலுவலரின் கேள்விகளுக்குத் தக்க விடையளிக்கும் வாக்காளருக்கு வாக்குச்சீட்டு ஒன்று தரப்படும். ஆய்வுக்குரிய வாக்கு எனப்படும் இது, வாக்குப்பதிவு இயந்திரத்தில் சேராமல் தனி உறையில் வைக்கப்படுகிறது. வழக்கமான எண்ணிக்கையிலும் சேர்வதில்லை. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் பரிசீலிக்கும்போதே அது பயனுக்கு வரும். பறிபோன வாக்குக்கு இது முழு ஈடாகாது எனினும், முறைகேடு நடந்ததற்கான எழுத்துப்பூர்வச் சான்றாக நிற்பதால், இந்த உரிமையைக் கேட்டுப் பெறாமல் திரும்பிவிடுவது தவறு செய்தவருக்கே துணைபோவதாகும்.

பட்டியலைத் தூய்மைப்படுத்துவதன் இரு முனைகள்

வாக்குச்சாவடிக்குள் இத்தனை தடைகள் இருந்தும் ஆள்மாறாட்டத்துக்கு இடம் கிடைக்கிறதென்றால், இறந்தோர், குடிபெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் பெயர்கள் பட்டியலில் நீடிப்பதே அதற்கு முக்கியக் காரணம். ஒருவர் ஒரு தொகுதியில் ஒருமுறை மட்டுமே இடம்பெற வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விதித்தாலும், ஊர் மாறுபவர்கள் புதிய முகவரியில் சேர்ந்துவிட்டுப் பழைய பெயரை நீக்காமல் விடுவது வழக்கம். நிர்வாகப் பிழைகளும் உண்டு: வெவ்வேறு மாநிலங்களில் இருவருக்கு ஒரே அட்டை எண் வழங்கப்பட்டிருப்பது 2025-இல் பெரும் சர்ச்சையானபோது, தனித்த எண் வழங்கித் திருத்துவதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது.

ஆகவே பட்டியலைத் தூய்மைப்படுத்துவது தேவையானது. ஆனால் அவசரமாகச் செய்தால் அதுவே அநீதியாக முடியும். 2025-இல் பிகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அப்பெயர்களைக் காரணத்துடன் வெளியிடவும், பின்னர் ஆதாரை அடையாள ஆவணமாக ஏற்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் இத்திருத்தம் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. இறந்தவரின் பெயரை நீக்குவதும், வேலைக்காகச் சில மாதம் வெளியூர் சென்ற தொழிலாளியின் பெயரை நீக்குவதும் காகிதத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது மோசடிக்கான வழியை அடைக்கிறது. பின்னது ஒரு குடிமகனின் குரலை அடைக்கிறது.

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் புகைப்பட அடையாளம் முதன்முறையாக எங்கும் கட்டாயமாக்கப்பட்டபோது, அது இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் வாராதவர்கள் சுமார் 14,000 பேர் என அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. நிபந்தனை எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்கு மாற்று ஆவணங்களும் கால அவகாசமும் மேல்முறையீடும் விரிய வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

அந்த மேல்முறையீட்டு வழி இந்தியாவில் உண்டு. பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கவும் ஆட்சேபிக்கவும் படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8 என வகுக்கப்பட்டுள்ளன. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை மாவட்ட ஆட்சியரிடமும், அடுத்து மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் எதிர்த்து முறையிடலாம். இவ்வழிகள் பயன்பட வேண்டுமானால், வரைவுப் பட்டியல் வெளியாகும் நாட்களில் குடும்பத்தார் பெயர்களைச் சரிபார்ப்பதும், இறந்த உறவினரின் பெயரை நீக்கக் கோருவதும், நியாயமின்றி நீக்கப்பட்ட அண்டை வீட்டாருக்காகக் குரல்கொடுப்பதும் வாக்களிப்பதற்கு நிகரான கடமையாகக் கருதப்பட வேண்டும். கள்ள ஓட்டைத் தடுப்பதும் நல்ல ஓட்டைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான இலக்குகள் அல்ல. சரியான பட்டியல் ஒன்றே இரண்டையும் சேர்த்து நிறைவேற்றும்.