எந்தக் கடை பிரியாணி? திண்டுக்கல் வாதத்தில் விவசாயிக்கும் ஓர் ஓட்டு!

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, 'பிரியாணிக்கு எந்தக் கடை நல்லா இருக்கும்?' என்று நாலு பேரிடம் கேட்டால், நாலு பதில் வரும். ஐந்தாவது ஆள், கேட்காமலே வந்து அந்த நாலையும் மறுத்துவிட்டுப் போவார். தலப்பாக்கட்டி, வேணு, பொன்ராம் என்று ஊரறிந்த பெயர்கள் ஒரு பக்கம். பலகைகூட இல்லாமல் மதியம் இரண்டு மணிக்கு அண்டாவைக் கவிழ்த்துவிடும் சின்னக் கடைகள் இன்னொரு பக்கம்.

'பழைய பேருக்குத்தான் கூட்டம் மாப்ள, ருசி முன்ன மாதிரி இல்ல' என்பார் ஒருவர். 'அட போங்க மாமா, அத்தை கைச்சோறு சாப்பிட்ட நாக்குக்கு எந்தக் கடை பிடிக்கும்?' என்று பதில் வரும். சந்தைக்கு வெங்காயம் ஏற்றி வந்த வண்டியிலும், டீக்கடை பெஞ்சிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்த வாதம் ஓய்வதே இல்லை. ருசி, விலை, கறித்துண்டின் அளவு, தால்ச்சாவின் பதம் என்று எல்லாவற்றையும் அலசுவார்கள். 'அந்த அரிசி யார் வயலில் விளைந்தது?' என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. விவசாயக் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பொடி அரிசியால் வந்த பெயர்

1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' என்ற பெயரில் கடை தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். அதனால் வாடிக்கையாளர்கள் 'தலப்பாக்கட்டி' என்று அழைக்க, அதுவே கடையின் பெயராகிவிட்டது. இன்று 'திண்டுக்கல் பிரியாணி' என்பது பல ஊர்களில் ஒரு தனி வகையின் பெயர்.

அந்த வகைக்கு அடையாளங்கள் உண்டு. ஹைதராபாத் பிரியாணிக்கு நீள அரிசியான பாசுமதி. திண்டுக்கல்லுக்குப் பொடி அரிசியான சீரகச் சம்பா. தயிரும் எலுமிச்சையும் சேர்ந்த லேசான புளிப்பு, மிளகுக் காரம், சிறுசிறு துண்டாக வெட்டிய ஆட்டுக்கறி. ஆம்பூர்க்காரர்களும் சீரகச் சம்பாவையே போடுகிறார்கள். ஆனால், அங்கே காய்ந்த மிளகாய் விழுதும், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் முக்கியம்.

'எங்க ஊர்த் தண்ணிக்குத்தான் இந்த ருசி' என்று ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரைக் காட்டுவார்கள் திண்டுக்கல்காரர்கள். தண்ணீருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். ஆனால், கறிச்சாற்றையும் மசாலாவையும் உள்ளே இழுத்துக்கொண்டு, குழையாமல் உதிரியாக நிற்பது அரிசியின் வேலை. அந்த அரிசியை விளைவிப்பதோ லேசான காரியம் இல்லை.

வயலில் படும் பாடு

சீரகச் சம்பா ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் பயிர். தண்டு மெலிது. கதிர் முற்றும் நேரத்தில் காற்றும் மழையும் வந்தால் அப்படியே சாய்ந்துவிடும். தழைச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் இதே கதிதான். மகசூலும் குறைவு. ஏக்கருக்கு ஒரு டன், ஒன்றேகால் டன் நெல் எடுப்பதே பல இடங்களில் நல்ல விளைச்சல். சன்ன ரக நெல்லில் அதைப்போல இரண்டு பங்கு எடுக்க முடியும்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் சீரகச் சம்பாவை ஒட்டுக்கட்டி, வி.ஜி.டி.1 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்டது. வைகை அணை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இந்த ரகம், பிரியாணிக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கப்படுகிறது. மகசூல் கூடுதல். பழைய சீரகச் சம்பாவின் வாசனை வேண்டும் என்று கேட்கும் கடைக்கு அதையும், பொடி அரிசி போதும் என்னும் கடைக்கு இதையும் கொடுக்கலாம். ஆனால் ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்கக் கூடாது.

ஒரு அண்டாவின் கணக்கு

நடுத்தரமான கடை ஒன்று, நாளுக்கு 50 கிலோ அரிசி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 8 பிளேட் என்றால், 400 பிளேட். நூறு கிலோ நெல்லுக்கு 60 கிலோ அரிசி கிடைத்தால், அந்த ஒரு நாளைக்கு 83 கிலோ நெல் வேண்டும். வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால், சுமார் 25 டன் நெல். அதாவது, ஒரே ஒரு கடையின் அண்டாவுக்கு ஏறத்தாழ 20 ஏக்கர் சீரகச் சம்பா விளைய வேண்டும்.

கறியும் அப்படித்தான். அரிசிக்குச் சமமாகக் கறி போட்டால், நாளுக்கு 50 கிலோ. 20 கிலோ எடையுள்ள ஆட்டில் 9 கிலோ அளவுக்குக் கறி தேறும். ஆக, தினமும் ஐந்தாறு ஆடு. இதுபோக வெங்காயம், புதினா, மல்லித்தழை, எலுமிச்சை, தயிர், வாழை இலை. 2019 ஜனவரி முதல் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் தாள் விரிக்கத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், இலைக்காக வாழை வைத்திருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு.

இப்போது இன்னொரு கணக்கு. சீரகச் சம்பாவுக்குப் பதிலாக, கிலோவுக்கு 40 ரூபாய் குறைவான வேறு பொடி அரிசியைக் கடைக்காரர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடுபவருக்கு ஒரு பிளேட்டில் வெறும் 5 ரூபாய் வித்தியாசம். கடைக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபாய் மிச்சம். 20 ஏக்கர் விவசாயிகளுக்கோ வாங்கும் ஆளே இல்லாமல் போய்விடுகிறார். ருசியில் வித்தியாசம் தெரிந்து யாரும் கேட்கவில்லை என்றால், கடைக்காரர் ஏன் கூடுதல் விலை கொடுக்கப் போகிறார்?

மேற்கு வங்கத்தின் கோபிந்தபோக் போன்ற பொடி வாசனை அரிசிகளும் தெற்கே விற்பனைக்கு வருகின்றன. அவையும் நல்ல அரிசிதான். அதை அதன் பெயரிலேயே விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. 'சீரகச் சம்பா' என்று பலகையில் எழுதிவிட்டு வேறு அரிசியை வடித்தால், நஷ்டம் சாப்பிடுபவருக்கும் விளைவித்தவருக்கும் சேர்த்துத்தான்.

நல்ல கடைக்கு நாலு கேள்வி

வெந்த சோற்றைக் கண்ணால் பார்த்து, இது எந்தப் பொடி அரிசி என்று பிரிப்பது கஷ்டம். பணம் கொடுக்கும்போது கல்லாவில் நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

'அரிசி என்ன ரகம், எங்கிருந்து வருது?'

'ஆடு எந்தச் சந்தையில் பிடிக்கிறீங்க?'

'சமையலுக்கு என்ன எண்ணெய்?'

'பக்கத்து விவசாயி நேரடியாகக் கொடுத்தா வாங்குவீங்களா, பணம் எத்தனை நாளில் கிடைக்கும்?'

ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லும் கடை, பெரிய கடையோ தள்ளுவண்டியோ, குடும்பத்தோடு போய் உட்காரத் தகுந்த கடை. மழுப்பும் கடையில் அன்றைக்கு ருசி பிரமாதமாக இருந்தாலும், அடுத்த மாதம் அதே ருசி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஊர்க்காரர்கள் வாதத்தில் இந்த நாலு கேள்வியும் சேர்ந்துவிட்டால், கடைக்காரர்களும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்.

கொடுக்கும் பக்கமும் சுத்தமாக வேண்டும்

கடைக்காரர்களுக்கும் குறை உண்டு. 'ஒரு மூட்டை அருமையா இருக்கு, அடுத்த மூட்டை குழைஞ்சிடுது' என்பதுதான் அவர்கள் அடிக்கடி சொல்வது. புது அரிசி தண்ணீரை அதிகம் தாங்காது, ஒட்டிக்கொள்ளும். பிரியாணிக்கு ஆறு மாதமாவது இருப்பு வைத்த அரிசிதான் சரி. எனவே, அறுவடை முடிந்ததும் அவசரப்பட்டு மொத்தத்தையும் தள்ளிவிடாமல், முடிந்த அளவு நெல்லாகவே வைத்திருப்பது லாபம். 12, 13 சதவிகித ஈரப்பதத்துக்குக் காயவைத்து, தரையில் படாமல் கட்டையின் மேல் அடுக்க வேண்டும். வேண்டும்போது பச்சரிசியாக அரைத்துக் கொடுக்கலாம். நொய் கலக்காமல் சலித்துக் கொடுப்பது முக்கியம்.

தனி ஒருவரால் வருஷம் முழுக்க ஒரு கடைக்குக் கொடுக்க முடியாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே விதையை விதைத்து, ஒரே ஆலையில் அரைத்தால் முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கும் ஊரில் இது இன்னும் சுலபம். பொட்டலம் போட்டுப் பெயர் ஒட்டி விற்பதானால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் ஐந்து கிலோ அரிசியைக் கடையில் மாதிரியாகக் கொடுத்து, ஒரு அண்டா சமைத்துப் பார்க்கச் சொல்லலாம். பிடித்திருந்தால், விலையையும் பணம் தரும் நாளையும் ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது, சம்பா விதைப்புக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.