துறைமுகத்து அலை: ‘சுனாமி’ என்ற சொல் வந்த கதை

மாணவர்களே, 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்கு முன் ‘சுனாமி’ என்ற சொல்லை நம் மக்களில் பெரும்பாலோர் கேட்டதே இல்லை. அன்று கோத்தா கோலா மூடாவிலிருந்து நாகப்பட்டினம் வரை எல்லார் வாயிலும் அதுதான். 2008 பொதுத்தேர்தல் முடிவைக்கூட ‘அரசியல் சுனாமி’ என்றார்கள்.

ஆங்கில அகராதியில் இருந்தாலும் இது ஜப்பானியச் சொல். ‘சு’ என்றால் துறைமுகம். ‘நாமி’ என்றால் அலை. நடுக்கடலில் பிறக்கும் அலைக்குத் துறைமுகத்தின் பெயர் ஏன்?

1896 ஜூன் 15-ஆம் தேதி ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரையில் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். அன்றிரவு ஆழ்கடலில் மீன்பிடித்துக் கொண்டிருந்தவர்கள் எதையும் உணரவில்லை. திரும்பி வந்தபோதுதான் ஊர் இல்லாததைக் கண்டனர். அலை துறையில்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டே லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் தம் ஆங்கில நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார்.

மீனவர்கள் ஏன் உணரவில்லை? 2004-இல் நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் ஒரு செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் அந்த அலையை அளந்தது. உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான்! ஆனால் அதன் நீளம் பல நூறு கிலோமீட்டர். படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அவ்வளவே.

இதன் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 10-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர்; விமான வேகம். 50 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். வேகம் குறையக் குறைய, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்கி அலையை உயர்த்துகிறது.

ஒரு விந்தை பாருங்கள். நம் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள நாகப்பட்டினத்தை அலை மூன்று மணி நேரத்திற்குள் எட்டிவிட்டது. மிக அருகிலுள்ள கெடாவுக்கோ நண்பகலுக்குப் பிறகே வந்தது. சுமத்ராவைச் சுற்றிக்கொண்டு, ஆழமில்லாத மலாக்கா நீரிணை வழியே ஊர்ந்து வர வேண்டியிருந்ததே காரணம். மூடா ஆற்றின் முகத்துவாரத்தில் கட்டியிருந்த படகுகளை அது நொறுக்கியது. அந்தப் படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னத்தைக் கோத்தா கோலா மூடாவில் இன்றும் காணலாம்.

முன்பு ஆங்கிலத்தில் இதை ‘டைடல் வேவ்’, அதாவது ஓத அலை, என்றார்கள். ஓதம் நிலவின் ஈர்ப்பால் வருவது. சுனாமிக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை. நம் ‘ஆழிப்பேரலை’ எனக்குப் பிடித்த சொல். ‘ஆழி’ என்றால் கடல். ‘கடல்கோள்’ என்ற பழஞ்சொல்லும் உண்டு.

ஆனால் உயிர் காத்தது வேறொரு சொல். ஆச்சேவின் சிமலூ தீவில் 1907-இல் ஓர் ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. அதை அத்தீவினர் ‘ஸ்மோங்’ என்பர். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தனர். 2004-இல் அலை சில நிமிடங்களில் அங்கே வந்துவிட்டது. “ஸ்மோங்!” என்று கத்திக்கொண்டே எல்லாரும் ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர் 7 பேர்.

கோத்தா கோலா மூடா பக்கம் கரை தட்டையானது. ஓடி ஏறக் குன்று இல்லை. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல், ஆற்றோரத்தை விட்டு விலகி உள்நாட்டுப் பக்கம் செல்ல வேண்டும். நேரமில்லை என்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறிவிடுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடாதீர்கள். அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம்.