‘பாஸ் அப்’: கொடுப்பதா, கைவிடுவதா?

“ஹோம்வொர்க்கை பாஸ் அப் பண்ணியாச்சா?” என்று லிட்டில் இந்தியாவில் ஒரு தாய் பிள்ளையைக் கேட்டால், ‘ஆசிரியரிடம் கொடுத்துவிட்டாயா?’ என்று அர்த்தம். இது சிங்கப்பூர், மலேசியப் பேச்சு வழக்கு.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொருளே வேறு. தேடி வந்த வாய்ப்பையோ அழைப்பையோ வேண்டாமென்று விட்டுவிடுவதைத்தான் அங்கு பேச்சுவழக்கில் ‘பாஸ் அப்’ என்பார்கள்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தின் நோக்கமே, உலகில் எவருக்கும் புரியும் ஆங்கிலத்தை ஊக்குவிப்பதுதான். அதன் அவசியத்தை இச்சொல்லே காட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் மாணவர், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை ‘பாஸ் அப்’ செய்துவிட்டதாகக் குறிப்பிட்டால், உதவித்தொகையே வேண்டாம் என்கிறாரோ என்று அங்குள்ளவர்கள் குழம்பக்கூடும். அத்தகைய கடிதங்களில் ‘சப்மிட்’ என்று எழுதுவதே நல்லது. பேச்சில் ‘ஹேண்ட் இன்’ எனலாம்.