மாநில எல்லையைத் தாண்டினால் உரிமையும் மாறும்

பிளஸ் டூ முடித்த தமிழக மாணவர் ஒருவர் முன் தில்லிப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1922இல் தொடங்கப்பட்டு இன்று மத்திய அரசின் கீழ் இயங்குவது. மற்றது 1857இல் தொடங்கப்பட்ட மாநிலப் பல்கலைக்கழகம். வீட்டில் நடக்கும் பேச்சு தரவரிசை, வேலைவாய்ப்பு, குளிர், சாப்பாடு என்றே போகும். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் யாரும் கேட்காத ஒன்று உண்டு. மாநில எல்லையைத் தாண்டும்போது அந்த மாணவருக்குச் சட்டத்தின் கண்ணில் உள்ள இடமே மாறிவிடுகிறது. எந்தப் பிரிவில் இடம் கேட்கலாம், எந்தச் சான்றிதழ் செல்லும், கட்டிய பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது, குறை இருந்தால் யாரிடம் போவது என எல்லாமே வேறாகின்றன. ஆகவே முதலில் ஒப்பிட வேண்டியவை உரிமைகள். தரவரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இட ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 என்று தனித்தனிப் பங்கு உண்டு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓ.பி.சி. 27, பட்டியல் சாதி 15, பழங்குடி 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10. பழங்குடி மாணவருக்கு வாய்ப்பு அங்கே விரிகிறது. எம்.பி.சி. மாணவருக்கோ இங்கிருந்த தனி வரிசை அங்கே இல்லை. நாடெங்கும் உள்ள ஓ.பி.சி. மாணவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அதோடு, தமிழ்நாட்டில் பி.சி. ஒதுக்கீட்டுக்கு இல்லாத கிரீமி லேயர் வரம்பு, அதாவது வசதி படைத்தோரை விலக்கும் வருமான வரம்பு, அங்கே உண்டு. 2017 முதல் அந்த வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது; பெற்றோர் வகிக்கும் பதவி தனியாகப் பார்க்கப்படும். இது தெரியாமல், தகுதி இருந்தும் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. இங்கே வாழ்நாள் முழுக்கச் செல்லும் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மத்திய அரசு படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இவர்களுக்கான பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆந்திரத்தில் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மாணவர் மகாராஷ்டிரத்தில் மருத்துவ இடம் கேட்ட வழக்கில், குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகை கிடையாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது வெளிமாநிலம் போகிறவர் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஒதுக்கீடு கிடைக்காது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். 'வெளியூர்ப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிவிடுவதால்தான் குழப்பம். ஒரு ஆறுதல்: பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, எந்த மாநிலத்தில் படித்தாலும், சொந்த மாநிலமே வழங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இங்கே போட வேண்டும்.

அடுத்தது பணம். தில்லியில் இளநிலைச் சேர்க்கை 2022 முதல் கியூட் என்னும் பொது நுழைவுத்தேர்வின் மதிப்பெண்படி நடக்கிறது. 2024இல் அதன் முடிவு வந்தது ஜூலை 28. தமிழகத்தில் அதற்குள் கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே பெற்றோர் இங்கே ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டி இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். தில்லியில் இடம் கிடைத்ததும், கட்டிய பணமும் ஒப்படைத்த அசல் சான்றிதழ்களும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுகிறது. யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணம் (5,000 ரூபாய்க்கு மேற்படாத நடைமுறைச் செலவு போக). அதன்பின் 90, 80, 50 விழுக்காடு எனக் குறைந்து, கடைசி நாள் கடந்து 30 நாளானால் ஒன்றும் இல்லை. கியூட் தாமதத்தைக் கருதி 2024-25க்கு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் இல்லை என்று ஆணையிட்டது. இத்தகைய ஆணை அந்தந்தக் கல்வியாண்டுக்கு மட்டுமே என்பதால், சேரும் ஆண்டின் ஆணையைத் தேடிப் படிப்பது அவசியம். விலகுவதாகச் சொல்லும் கடிதம் எழுத்தில், தேதியோடு, ஒப்புகையோடு இருக்க வேண்டும், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. தில்லியில் பல கல்லூரிகளுக்கு விடுதி இல்லாததால் வெளியே தனியார் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியில் தங்க நேரும். அங்கே கொடுக்கும் அட்வான்ஸுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் துணை.

இத்தனை பேசினாலும் படிப்பின் தரம்தானே முக்கியம், தரவரிசை அதைத்தானே காட்டுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பட்டியலில் ஆய்வுக்கு மட்டும் 30 விழுக்காடு, மற்றவர்களின் மதிப்பீட்டுக்கு 10 விழுக்காடு மதிப்பெண். இளநிலை மாணவர் பல்கலைக்கழகத் துறைகளில் அல்ல, ஏதோ ஒரு கல்லூரியில்தான் உட்காருவார். கல்லூரிகளுக்கு என்.ஐ.ஆர்.எஃப். தனிப் பட்டியலே வெளியிடுகிறது; இளநிலைக்குப் பார்க்க வேண்டியது அது. இப்படி அச்சம் காட்டினால் பிள்ளைகள் ஊரைவிட்டே போகமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. போகட்டும், போக வேண்டும். உரிமை தெரிந்து போகிறவர் அங்கே போய்த் திணற மாட்டார்.

விதிகள் ஏட்டில் இருக்கும், நடக்காது என்ற கசப்புக்கு மட்டும் முழு பதில் இல்லை. கல்வி நுகர்வோர் சட்டத்தில் வருமா என்பதிலேயே தீர்ப்புகள் ஒத்துப்போகவில்லை. 2010இல் உச்ச நீதிமன்றம் வராது என்றது. ஆகவே சொந்த ஊர் நுகர்வோர் ஆணையத்தை நம்பி இருக்க முடியாது. நம்பக்கூடியது 2023 யு.ஜி.சி. ஒழுங்குமுறை: மாணவர் குறைதீர் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தொலைவில் இருக்கும் பெற்றோர் இந்தக் கெடு தாண்டும் வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. ராகிங் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தேசிய உதவி எண் 1800-180-5522.

ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் மத்திய அரசு ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மார்ச்சில் வாங்கியது தில்லிச் சேர்க்கைக்குச் செல்லாது.