தகவல் தொழில்நுட்பச் சான்றிதழுக்கான பயிற்சி வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

தகவல் தொழில்நுட்பத் தொழில்முறைச் சான்றிதழ் என்பது, ஒருவர் குறிப்பிட்ட ஒரு தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருக்கிறார் என்று தேர்வு நடத்தி உறுதிசெய்து வழங்கப்படும் சான்று ஆகும். சிஸ்கோவின் சிசிஎன்ஏ, ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ, அமேசான் வெப் சர்வீசஸின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட், காம்ப்டியாவின் ஏ பிளஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இத்தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களிலும் இணையவழியிலும் ஏராளமாக நடக்கின்றன. கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞருக்கு இது பல மாத உழைப்பு. வீட்டாருக்குப் பெருந்தொகைச் செலவு. தவறான வகுப்பில் சேர்ந்தவருக்குப் பணத்தோடு அந்த மாதங்களும் போய்விடுகின்றன.

வகுப்பு வேறு, தேர்வு வேறு

சேருவதற்கு முன் தெளிவாக வேண்டியது, பயிற்சி மையம் இந்தச் சான்றிதழை வழங்குவதில்லை என்பதாகும். தேர்வின் உரிமை சிஸ்கோ, ரெட் ஹேட் போன்ற நிறுவனத்திடம் இருக்கிறது. பாடத்திட்டத்தையும் வினாக்களையும் அதுவே வகுக்கிறது. சிஸ்கோ, அமேசான், காம்ப்டியா ஆகியவற்றின் தேர்வுகளைப் பியர்சன் வியூ நிறுவனம் தன் மையங்களில் நடத்துகிறது. இணையவழிக் கண்காணிப்புடன் வீட்டிலிருந்தும் எழுதலாம். பயிற்சி மையம் தன் பெயரில் தருவது, வகுப்பை முடித்ததற்கான சான்று மட்டுமே. வேலைக்கு ஆள் எடுப்பவர் அதைச் சான்றிதழாகக் கணக்கில் கொள்ள மாட்டார்.

விளம்பரங்களில் இந்த வேறுபாடு அடிக்கடி மங்கிவிடுகிறது. 'சான்றிதழுடன் கூடிய சிசிஎன்ஏ பயிற்சி' என்ற வரிக்கு இரண்டு பொருளும் கொள்ளலாம். தேர்வுக் கட்டணம் இதில் அடங்குமா, சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும் என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் விவரம் வெளிப்பட்டுவிடும். உண்மையான தொழில்முறைச் சான்றிதழ்களை இணையத்தில் சரிபார்க்க முடியும். சிஸ்கோ, அமேசான் ஆகியவற்றின் தேர்வில் தேறியவருக்குக் கிரெட்லி தளத்தின் வழியாக மின்னணு முத்திரை கிடைக்கிறது. அதன் இணைப்பைச் சொடுக்கி எவரும் உறுதிசெய்துகொள்ளலாம்.

வகுப்பு கட்டாயமா?

பெரும்பாலான தேர்வுகளுக்கு வகுப்பு கட்டாயம் இல்லை. சிசிஎன்ஏ, ஏ பிளஸ், அமேசானின் தேர்வுகள் ஆகியவற்றை வீட்டிலிருந்து படித்தும் எழுதலாம். விதிவிலக்குகள் சில உண்டு. திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வுக்கு 35 மணி நேரப் பயிற்சி பெற்றதைக் காட்ட வேண்டும். சிஇஎச் எனப்படும் எதிகல் ஹேக்கிங் சான்றிதழுக்கு அதிகாரபூர்வப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில் தகவல் பாதுகாப்புத் துறையில் இரண்டு ஆண்டு அனுபவத்தைக் காட்டித் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இவை தவிர்த்து, 'எங்கள் வகுப்பில் படித்தால்தான் தேர்வு எழுத முடியும்' என்று சொல்லும் மையத்தை ஐயத்துடன் பார்ப்பதே நல்லது.

வகுப்பைவிட அனுபவத்தைக் கேட்கும் சான்றிதழ்களும் இருக்கின்றன. சிஐஎஸ்எஸ்பி பெறப் பொதுவாக ஐந்து ஆண்டு பணி அனுபவம் தேவை. அனுபவம் இல்லாதவர் தேர்வில் தேறினாலும் முழுச் சான்றிதழ் உடனே வராது. அசோசியேட் என்ற நிலையிலேயே காத்திருக்க வேண்டும். கடைசி ஆண்டுக் கல்லூரி மாணவரிடம் இந்த வகுப்பை விற்பவர் அவருடைய நலனை எண்ணி விற்பதாகத் தோன்றவில்லை.

பாடப்பொருளும் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளம் முழுவதும் கட்டணமற்றது. அமேசானின் ஸ்கில் பில்டர் தளத்திலும் இலவசப் பாடங்கள் பல உள்ளன. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ்க் கல்லூரிகளில் தொழில்நுட்பப் பயிற்சிகள் தரப்படுகின்றன. தன் கல்லூரியில் எந்தப் பயிற்சி உண்டு என்று மாணவர் முதலில் விசாரித்துவிடுவது செலவைக் குறைக்கும். இத்தனைக்குப் பிறகும் வகுப்பில் சேருபவர், ஐயம் கேட்க ஓர் ஆள் வேண்டும், கருவிகளைத் தொட்டுப் பழக வேண்டும், தவறாமல் படிக்க ஒரு கால அட்டவணை வேண்டும் என்பதற்காகவே பணம் கொடுக்கிறார். மையம் அவற்றைத் தருகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பாடத்திட்டத்தை ஒப்பிடுதல்

ஒரு மையம் காலத்தோடு ஒத்து நடக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தேர்வு நடத்தும் நிறுவனம் வெளியிடும் பாடத்திட்டத்தை அதன் தளத்திலிருந்து பதிவிறக்கி, மையம் தரும் பாடப் பட்டியலின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சிசிஎன்ஏ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1998-இல் தொடங்கிய இச்சான்றிதழ் 2020 பிப்ரவரி 24 அன்று பெரிய மாற்றம் கண்டது. அதுவரை ஐசிஎன்டி 1, ஐசிஎன்டி 2 என்று இரண்டு தேர்வுகளாகவோ, 200-125 என்ற ஒரே தேர்வாகவோ எழுதலாம். செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று தனித்தனிச் சிசிஎன்ஏக்களும் இருந்தன. அன்று முதல் இவற்றுக்குப் பதிலாக 200-301 என்ற ஒரே தேர்வு வந்தது. இஐஜிஆர்பி போன்ற பழைய பகுதிகள் பாடத்திட்டத்திலிருந்து நீங்கின. தானியங்கு முறை, நிரலாக்கம் பற்றிய பகுதி புதிதாகச் சேர்ந்து மொத்தத்தில் 10 விழுக்காடு இடம் பெற்றது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 1.1 பதிப்பில் பப்பெட், செஃப் ஆகிய கருவிகள் விலகி, டெராஃபார்ம் உள்ளே வந்தது.

மையத்தின் பட்டியலில் ஃபிரேம் ரிலேயும் இஐஜிஆர்பியும் முதன்மையாக இருந்து, தானியங்கு முறை பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், அந்தப் பட்டியல் 2020-க்கு முந்தையது. பழைய பகுதிகளைக் கூடுதலாகச் சொல்லித் தருவதில் தவறில்லை. பழைய அலுவலக வலையமைப்புகளில் அவை இன்னும் தென்படலாம். ஆனால் தேர்வில் வருவதைச் சொல்லித் தராமல் விடுவது பெருங்குறை. தேர்வு எண்ணைக் கேட்டால் பயிற்றுநர் தயங்காமல் சொல்ல வேண்டும். இந்த எண் மாறும் காலங்களில் கூடுதல் கவனம் தேவை: பழைய தேர்வுக்கான வகுப்பில் சேர்ந்துவிட்டு, படித்து முடிப்பதற்குள் அத்தேர்வே விலக்கப்பட்டுவிட்டால் மீண்டும் தொடக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பயிற்றுநரும் செய்முறையும்

மையத்தின் பெயரைவிட, பாடம் எடுக்கப்போகும் ஆள் முக்கியம். கிளை ஒன்றில் சிறந்த பயிற்றுநரும் அடுத்த தெருக் கிளையில் நேற்றுப் படித்து முடித்தவரும் இருக்கக்கூடும். டெமோ வகுப்பு எடுப்பவரே முழுப் பேட்சுக்கும் வருவாரா என்று கேட்பது அவசியம். ஆள் மாறுவது அடிக்கடி நடக்கிறது.

டெமோ வகுப்பில் கவனிக்க வேண்டியது விளக்கும் முறை. வலையமைப்புப் பாடத்தில் 192.168.10.0/26 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளலாம். இதில் மொத்தம் 64 முகவரிகள் இருந்தும் கருவிகளுக்கு 62 மட்டுமே கொடுக்க முடியும். முதலாவது அந்த வலையமைப்பையே குறிக்கிறது. கடைசியானது எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பப் பயன்படுகிறது. நல்ல பயிற்றுநர் இந்தக் காரணத்தைச் சொல்லி, மாணவரை வேறோர் எண்ணைக் கொண்டு கணக்குப் போடச் செய்வார். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்பவரிடம் படித்தவர் நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்விக்கே திணறுவார்.

செய்முறைக்குச் சிசிஎன்ஏ நிலையில் சிஸ்கோவின் இலவச மென்பொருளான பாக்கெட் டிரேசர் பெரும்பாலும் போதுமானது. உண்மையான ரவுட்டர், சுவிட்ச் இருந்தால் கேபிள் மாற்றிப் போட்டதால் வரும் சிக்கல்கள் கூடப் பழக்கமாகும். எத்தனை கருவிகள் உள்ளன என்பதைவிட, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அவை கைக்குக் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த ரவுட்டரால் யாருக்கும் பயனில்லை. வேண்டுமென்றே ஒரு விஎல்ஏஎன் அமைப்பைக் கெடுத்துவிட்டு, பிங் ஏன் போகவில்லை என்று மாணவர்களைத் தேடவிடும் பயிற்றுநர் கிடைத்தால் அவரை விடக்கூடாது. ஆர்எச்சிஎஸ்ஏ போன்றவற்றுக்குச் செய்முறையே தேர்வு: விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் இல்லாமல், லினக்ஸ் கணினியில் கேட்டதைச் செய்து காட்ட வேண்டும்.

வகுப்பு தமிழில் நடப்பது புரிதலுக்குப் பெரிதும் உதவும். ஆனால் எழுதப்போகும் தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும் என்பதால் ஆங்கில வினாக்களில் போதிய பயிற்சி வேண்டும். அமேசான் தேர்வுகளில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். தேர்வு நாளைப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் மாணவர் பலருக்கும் பயன்படக்கூடிய இந்தச் சலுகையைச் சொல்லாத வகுப்புகளும் உண்டு.

டம்ப்ஸ்

உண்மைத் தேர்வில் வந்த வினாக்களைத் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்பதற்கு டம்ப்ஸ் என்று பெயர். 'நூறு விழுக்காடு தேர்ச்சி உறுதி' என்று சொல்லும் சில இடங்களின் பின்னணியில் இருப்பது இதுவே. தேர்வு எழுதுபவர் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தத்தை ஏற்றே எழுதுகிறார். மீறியது தெரிந்தால் தேர்வு முடிவு செல்லாததாக்கப்படலாம். மேற்கொண்டு எழுதத் தடையும் வரலாம். இழப்பு மாணவருக்குத்தான், விற்றவருக்கு அல்ல. 1990-களின் இறுதியில், வினாக்களை மனப்பாடம் செய்து மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ பெற்று, சர்வரைத் தொட்டே பார்த்திராதவர்களைப் 'பேப்பர் எம்சிஎஸ்இ' என்று துறையில் கேலி செய்தார்கள். முறையான மாதிரித் தேர்வுகள் வேறு. அவை பாடத்தை ஒட்டிப் புதிதாக எழுதப்படும் வினாக்கள்.

கட்டணமும் தவணையும்

வகுப்புக் கட்டணத்துடன் தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 அமெரிக்க டாலரும் வரியும், அமேசானின் அசோசியேட் நிலைத் தேர்வுக்கு 150 டாலரும் வரியும் ஆகும். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். அமேசானில் 14 நாள் இடைவெளியும் விட வேண்டும். வகுப்புக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வரலாம் என்பதால், சொல்லும் தொகை வரியுடன் சேர்ந்ததா என்று கேட்பது நல்லது. மையம் தேர்வு வவுச்சர் தருவதாகச் சொன்னால் அதன் காலாவதி நாளை எழுத்தில் வாங்க வேண்டும்.

மிகக் கவனம் வேண்டிய இடம், 'வட்டியில்லாத் தவணை'. பல நேரங்களில் இது மையத்துக்கு மாதாமாதம் கட்டும் பணமாக இருப்பதில்லை. ஒரு நிதி நிறுவனம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ கடன் கொடுத்து, முழுத் தொகையையும் மையத்துக்கு முதலிலேயே செலுத்திவிடுகிறது. வகுப்பு பாதியில் நின்றாலும், பிடிக்காமல் மாணவரே நின்றாலும், கடன் தவணை நிற்காது. கட்டத் தவறினால் கடன் மதிப்பெண்ணும் குறையும். சேர்க்கைப் படிவம் என்று நீட்டப்படும் தாளில் கடன் ஒப்பந்தம் இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்திடவோ, ஓடிபி எண்ணைச் சொல்லவோ கூடாது. பணம் திரும்பப் பெறும் விதி எழுத்தில் இருக்க வேண்டும். வாக்குறுதி அளித்த சேவையைத் தராத மையத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம்; ரசீதும் விளம்பரத்தின் நகலும் அப்போது தேவைப்படும்.

'வேலை உறுதி' என்பதற்கும் எழுத்து வடிவம் கேட்கலாம். பெரும்பாலும் அது நேர்முகத் தேர்வுக்கு அனுப்பிவைக்கும் உதவியாகவே இருக்கும். கடந்த பேட்சில் படித்த இருவரிடம் பேசிப் பார்ப்பது, சுவரில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களைவிட நம்பகமானது.

செல்லுபடியாகும் காலம்

சிசிஎன்ஏ, காம்ப்டியாவின் ஏ பிளஸ், அமேசானின் அசோசியேட் சான்றிதழ்கள் மூன்று ஆண்டு செல்லும். மைக்ரோசாஃப்டின் பணிநிலைச் சான்றிதழ்கள் ஓராண்டு செல்லும். அவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் புதுப்பிக்கலாம். ஆகவே வேலை தேடத் தொடங்கும் காலத்துக்கு வெகு முன்பாகத் தேர்வு எழுதுவதில் பயன் குறைவு. இரண்டாம் ஆண்டு மாணவர் பாடத்தை இப்போது படித்துக்கொண்டு, தேர்வை இறுதியாண்டில் எழுதலாம். வவுச்சரையும் அப்போது வாங்கினால் போதும்.