மழை விட்டாலும் மலை விடாது



மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். மலையில் குடியிருக்கிற எங்களுக்கோ, மழை விட்ட பிறகுதான் பயமே ஆரம்பிக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு குன்னூர் பக்கம், தேயிலைத் தோட்டச் சரிவில். 2023 நவம்பர் மழையில் பல இடங்களில் மண் சரிந்து, மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். எங்கள் தெருவுக்குக் கீழே ஓடுகிற ஓடை பொங்கி, கீழ் வரிசை வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு நாள் யாரும் வெளியே தலை காட்டவில்லை. மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தது.

மறுநாள் பள்ளிக்கூடம். எங்கள் தெருப் பிள்ளைகள் மலைமேல் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில்தான் போவார்கள். தார் ரோட்டில் சுற்றினால் அரை மணி நேரம், இதில் பத்து நிமிஷம். பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்து வர, எங்கள் வீட்டு மணியையும் ஜிம்மியையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு கம்போடு கூட வந்தார்.

காலை பதினோரு மணிக்குத்தான் போனோம். விடியற்காலையிலும் அந்தியிலும் இங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாய் என்றால் அதற்கு விருந்து. அதேபோல, புதருக்குள் நிற்கிற காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் நம் காலடிக்குத்தான் ஓடி வரும். பின்னாலேயே எருமையும் வரும்! அதனால் மலைப்பாதையில் நாய்களை நான் அவிழ்த்து விடுவதே இல்லை.

பாதி தூரத்தில் ஒரு வளைவு. மணி முகர்ந்துகொண்டே முன்னால் இழுத்தான். நான் நின்றுவிட்டேன். பாதையின் குறுக்கே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மண் வெடித்திருந்தது. மழைக்கு முன்னால் நேராக நின்ற மூன்று சில்வர் ஓக் மரங்கள் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தன. ஊற்றே இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"நாயே தைரியமா போகுது, வா போலாம். ஆபத்துன்னா அதுக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

"அது பெருச்சாளி வாசனைக்கு இழுக்குதுக்கா. மண்ணு வெடிச்சதெல்லாம் அதுக்கு எங்க தெரியும்?" என்று சொல்லி, இரண்டையும் இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

2009 நவம்பரில் இதே நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. அப்போது நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தேன். அந்தச் சத்தமும் அழுகையும் இன்னும் மறக்கவில்லை. மழை நின்றாலும் மண் குடித்த தண்ணீர் உடனே வடிவதில்லை. தண்ணீர் ஏற ஏற மண் கனத்து, பிடிமானம் விட்டுப்போகிறது. வெயில் அடிக்கிற நாளில்கூடச் சரியலாம்.

வீட்டுக்கு வந்ததும் 1077-க்குப் போன் செய்தேன். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் இலவச எண் அது. அன்று சாயந்திரமே ஆட்கள் வந்து பார்த்து, பாதையை அடைத்துவிட்டார்கள். "உன்னால பிள்ளைங்க அரை மணி நேரம் நடக்குது" என்று தெருவில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அடுத்த மழையில் விரல் அகல வெடிப்பு ஒரு சாண் ஆனது. அதற்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை.

மறு வருஷம் அங்கே தடுப்புச் சுவர் கட்டினார்கள். சுவரில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தேங்குகிற தண்ணீர் வடிவதற்குத்தான் அவை. பல்லி, பூரான் வருகிறதென்று துணியை அடைப்பதும், குப்பையைக் கொட்டி மூடுவதும் வேண்டாம். தண்ணீர் தேங்கினால் சுவரே உப்பிச் சாய்ந்துவிடும். துவைத்த தண்ணீரையும் சரிவில் விடாமல் சாக்கடையில் விடுங்கள்.

நாய் வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வெள்ளம் வடிந்த இடத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்கி நிற்கும். அதிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். தேங்கிய தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள். வீடு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நம் காலில் புண் இருந்தால் செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. வருஷா வருஷம் போடுகிற தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை நின்றதும் ஈரத்துணியை வெயிலில் போடத்தான் நமக்கு அவசரம். சரிவில் வீடு இருக்கிற சகோதரிகள், அதோடு வீட்டுப் பின்புறத்தையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று இறுகிக்கொண்ட கதவு, கலங்கி வருகிற ஊற்று. இதில் ஒன்று இருந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள். போனை அப்புறம் போடலாம்.

- ஒரு வாசகி, குன்னூர்