பேயை அழைக்கும் பாட்டு யாருடையது?

பேய்ப் படம் என்றால் நமக்குத் தெரிந்தது ஒரு பாழடைந்த பங்களா, பழிவாங்க வரும் ஒரு பெண் ஆவி, அலறி ஓடும் நகைச்சுவை நடிகர்கள். இந்த அச்சில் வார்க்கப்படாத ஒரு பேய்ப் படத்தைப் பற்றி இன்று பேசுவோம். 2015இல் வெளிவந்த நியூசிலாந்துப் படம், ‘டெத்காசம்’.

தாயைப் பிரிந்து, மதப்பற்று மிகுந்த உறவினர் வீட்டில் ஒண்டி வாழ்கிறான் பிராடி என்ற பள்ளி மாணவன். கறுப்புச் சட்டையும் நீள முடியும் ஹெவி மெட்டல் இசையும்தான் அவன் உலகம். அதற்காகவே பள்ளியில் அடிவாங்குகிறான். தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட சிலரைச் சேர்த்து ஓர் இசைக்குழு தொடங்குகிறான். பழைய இசைத்தாள் ஒன்று அவர்கள் கைக்குக் கிடைக்கிறது. வாசித்துப் பார்க்கிறார்கள். ஊரே பேய் பிடித்து அலைகிறது. பிறகு ஊரைக் காப்பாற்றுவதும் ஊர் வெறுத்த அதே பையன்கள்தான்.

இயக்குநர் ஜேசன் லெய் ஹௌடன் கணினி வரைகலைக் கலைஞர். இது அவருக்கு முதல் முழுநீளப் படம். திகில் படக் கதைகளுக்கான ஒரு போட்டியில் வென்று, பரிசாகக் கிடைத்த 2 லட்சம் நியூசிலாந்து டாலரில் இதை எடுத்தார். நம் பணத்தில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். ரத்தமும் ஆபாசப் பேச்சும் நிறைந்த படம், சிறுவர்களுக்கானதல்ல.

‘இந்த இசை சாத்தானை அழைக்கும்’ என்பதுதான் படத்தின் மையக் கேலி. கதைக்காகக் கற்பனை செய்யப்பட்டதல்ல அது. பல பத்தாண்டுகளாக அந்த இசைமீது சுமத்தப்பட்டுவரும் பழி. ஹெவி மெட்டலுக்கு வேராக அமைந்த புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் அந்தப் பாட்டையும் ‘சாத்தானின் இசை’ என்றே தூற்றினார்கள். மண்ணை உழுதவனின் குரல் எப்போது பேயின் குரலாக மாறியது என்று நாம் கேட்க வேண்டாமா?

ஹெவி மெட்டல் பிறந்த இடமும் உழைப்பாளர் குடியிருப்புதான். இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில்நகரில், ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் தொடங்கிய குழு ‘பிளாக் சபாத்’. அந்தப் பெயரே ஒரு பேய்ப் படத்தின் பெயர். பயப்படுவதற்கு மக்கள் காசு கொடுக்கிறார்களே, பயமுறுத்தும் இசையை நாம் ஏன் வாசிக்கக் கூடாது என்று யோசித்தவர்கள் அவர்கள். பாடகர் ஓசி ஆஸ்பர்ன் மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். கிதார் கலைஞர் டோனி அயோமி தகட்டு ஆலைத் தொழிலாளி. 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாயின. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிதார் தந்திகளை அழுத்தும் கை அதுதான்.

மனமொடிந்து கிடந்தவருக்கு ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போக, மிச்ச விரல்களால் உலகப் புகழ் பெற்றவர். அவர் ரோமா இனத்தவர். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வெளியேறி, ஐரோப்பா முழுவதும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் ரோமாக்கள். நாஜிகள் அவர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள்.

அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார், தோல்துண்டு ஒட்டினார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார், பின்னாளில் தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார். அந்தக் கனத்த ஒலியை உலகம் ஹெவி மெட்டல் என்றது. 1970இல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டு ஏறத்தாழ ஒரே நாளில் பதிவானது.

படத்தின்மீது நமக்கு ஒரு விமர்சனமும் உண்டு. பிராடி கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டால் அவன்மீதான ஒதுக்கலில் பாதி கழன்றுவிடும். சாதி அப்படிக் கழற்றிப் போடக்கூடிய சட்டை அல்ல. நிறமும் அல்ல. ஆகவே அவனது வலியையும் நமது வலியையும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஓர் இசையைத் தீட்டு என்றும் பேய் என்றும் முத்திரை குத்தும் வேலை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே நடக்கிறது. பறையைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கியவர்களை நாம் நன்றாகவே அறிவோம்.

நம் மாணவர்கள் பலரிடம் இன்று கைப்பேசிக் கேமரா இருக்கிறது, கதையும் இருக்கிறது. ‘நம்ம ஊர்க் கதையை யார் பார்ப்பார்கள்?’ என்று தயங்குகிறார்கள். உங்களைப் பேயாகக் காட்டிய கதைகளை இதுவரை எல்லோரும் பார்த்தார்கள் அல்லவா? அதே பேயை நீங்கள் சிரிக்கச் சிரிக்க எடுத்துக் காட்டுங்கள். முதல் ஆளாக நாம் வந்து பார்க்கிறோம்.